மார்க்கும் கிரேடும்

(சபையின் திருவனந்தபுரம் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

ஆன்மீக விஷயமாக ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். நான் இன்று பேசப் போவது பரீட்சை கிரேடு பற்றி. காரணம் என் பேரன்.

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கப் போனவன், முதல் செமஸ்டர் முடிந்ததும் போன் பண்ணினான். "தாத்தா, என்னை புரொபேஷன்ல போட்டுட்டா" என்றான். அரசாங்க உத்தியோகத்திலேயே காலம் கழித்தவனுக்கு அந்த வார்த்தை எப்படிக் கேட்கும்? நம் சர்வீஸில் வேலைக்குச் சேர்ந்த எல்லோரும் முதலில் புரொபேஷன், பிறகுதான் கன்பர்மேஷன். "பேஷ்! படிக்கறச்சயே வேலை கிடைச்சுடுத்தா?" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகுதான் தெரிந்தது, அழுதுகொண்டிருக்கிறான் என்று.

மூன்று பாடங்கள். ஒன்றில் 'ஏ மைனஸ்', ஒன்றில் 'பி', ஒன்றில் 'சி'. எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதிலும் தோற்கவில்லையே, எதற்கு அழ வேண்டும்?

நான் 1970-ல் இதே ஊரில் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்தவன். நமக்குத் தெரிந்த கணக்கு 60 வந்தால் முதல் வகுப்பு, அதற்குக் கீழே இரண்டாவது, மூன்றாவது. 60 வாங்கிவிட்டால் வீட்டில் பாயசம். அமெரிக்காவில் கணக்கே வேறு. 'ஏ' என்றால் 4 புள்ளி, 'ஏ மைனஸ்' 3.7, 'பி பிளஸ்' 3.3, 'பி' 3, 'சி' 2. பி.ஏ., பி.எஸ். படிக்கிறவர்களுக்கு சராசரி 2 இருந்தால் பொதுவாகப் போதும். எம்.எஸ்., பிஎச்.டி. மாணவர்களுக்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் சராசரி 3-க்குக் குறையக் கூடாது. அதாவது பட்டப்படிப்பில் பாஸ் என்று கருதப்படும் அதே 'சி', மேல்படிப்பில் கிட்டத்தட்ட தோல்வி. பேரனுக்கு 3.7, 3, 2 கூட்டி மூன்றால் வகுத்தால் 2.9. ஒரே ஒரு தசமப் புள்ளி குறைவு. உடனே எச்சரிக்கைக் கடிதம். அடுத்த செமஸ்டரில் சரி செய்யாவிட்டால் நீக்கிவிடலாம். நீக்கினால் உதவித்தொகை போகும், மாணவர் விசாவுக்கும் ஆபத்து. குழந்தை அழுததில் தப்பே இல்லை.

இங்கே ஒரு சின்ன விஷயம். எல்லாப் பாடத்துக்கும் ஒரே எடை கிடையாது. வாரத்துக்கு எத்தனை மணி நேர வகுப்பு என்பதைப் பொறுத்து 'கிரெடிட்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 4 கிரெடிட் பாடத்தில் 9 புள்ளி, இன்னொரு 4 கிரெடிட் பாடத்தில் 7, 2 கிரெடிட் செய்முறையில் 10 என்றால், 36, 28, 20 கூட்டி 84. அதை 10 கிரெடிட்டால் வகுத்தால் 8.4. சும்மா சராசரி எடுத்தால் 8.67 வரும், அது தப்பு. இதில்தான் நம் மாமாக்கள் பலர் பேரன் பேத்திகளோடு சண்டை போடுகிறார்கள்!

இதெல்லாம் அமெரிக்கா சமாசாரம் என்று நினைக்காதீர்கள். நம் கேரளத்தில் 2005-ல் எஸ்.எஸ்.எல்.சி.க்கு மார்க்கை எடுத்துவிட்டு கிரேடு வந்தது. அதுவரை பேப்பரில் முதல் ராங்க் வாங்கிய குழந்தையின் போட்டோ வரும், அம்மா லட்டு ஊட்டுகிற மாதிரி. அது போனதில் பலருக்கு ஏக வருத்தம். கேம்பிரிட்ஜிலேயே கணிதப் பரீட்சையில் 'சீனியர் ராங்ளர்' என்று வரிசைப்படி அறிவிப்பதை 1909-உடன் நிறுத்திவிட்டார்கள் என்று அவர்களுக்கு யார் சொல்வது? கேரளப் பல்கலைக்கழகத்தில் 2010-ல் பட்டப்படிப்புக்கு கிரெடிட், செமஸ்டர் முறை வந்தது. 2015-ல் யு.ஜி.சி. நாடு முழுவதற்கும் 10 புள்ளி அளவுகோல் ஒன்றைச் சொன்னது. 'ஓ' 10, 'ஏ பிளஸ்' 9, 'ஏ' 8 என்று இறங்கி, 'பி' என்ற வெறும் பாஸுக்கு 4. சென்னை ஐ.ஐ.டி.யிலோ 'எஸ்' 10, 'ஏ' 9, 'பி' 8. ஆக ஓர் இடத்து 'ஏ' இன்னோர் இடத்து 'ஏ' அல்ல.

இதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று. சில இடங்களில் 90-க்கு மேல் வாங்கினால் 'ஓ' என்று முன்கூட்டியே கோடு போட்டுவிடுவார்கள். எத்தனை பேர் வேண்டுமானாலும் வாங்கலாம். ஐ.ஐ.டி. மாதிரி இடங்களில் வகுப்பின் சராசரியைப் பார்த்துக் கோடு போடுவது வழக்கம். கேள்வித்தாள் கடினமாகி சராசரி 38 ஆனால், 55 வாங்கினவனுக்கு மேல் கிரேடு கிடைக்கலாம். சராசரி 80 ஆனால் 75 வாங்கினவன் கீழே. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் யார் என்பதைப் பொறுத்தது உன் கிரேடு. இருநூறு பேர் வகுப்பில் இது நியாயம்தான். பன்னிரண்டு பேர் எம்.எஸ்ஸி. வகுப்பில் மணி வடிவ வளைவு எங்கிருந்து வரும்? புள்ளியியல் கொஞ்சம் படித்தவன் என்ற முறையில் இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நல்ல ஆசிரியர்கள் சின்ன வகுப்பில் வளைவைத் தூக்கி வைத்துவிட்டு விடைத்தாளைப் பார்ப்பார்கள்.

இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்வி உதவிக் குழுவில் நானும் இருந்தேன். மேல்படிப்புக்கு இரண்டு விண்ணப்பங்கள், பணம் ஒருவருக்குத்தான். ஒரு பையன் 78 சதவிகிதம். ஒரு பெண், தகப்பனார் இல்லை, அம்மா அப்பளம் வடாம் போட்டு விற்கிறாள். சி.ஜி.பி.ஏ. 7.2. படிவத்தில் 'சதவிகிதம்' என்று ஒரே கட்டம். நான்தான் 7.2-ஐப் பத்தால் பெருக்கி 72 என்று எழுதினேன். பையனுக்குப் பணம் போயிற்று. பிறகு அந்தப் பெண்ணின் மார்க் லிஸ்டைத் திருப்பிப் பார்த்தேன். அவள் படித்த இடத்தில் வகுப்புச் சராசரியை வைத்து கிரேடு. வகுப்பில் அவள் இரண்டாவது. பின்பக்கத்தில் எல்லாம் அச்சடித்திருந்தது, படிக்காதது நான். அந்த வருஷம் அவள் மேல்படிப்புக்குப் போகவில்லை.

பத்தால் பெருக்குவது எங்கும் பொதுச் சட்டம் இல்லை. சி.பி.எஸ்.இ. ஒரு காலத்தில் 9.5-ஆல் பெருக்கச் சொன்னது. ஏ.ஐ.சி.டி.இ. கணக்கில் 6.75 என்றால் 60 சதவிகிதம். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனி சூத்திரம். இரண்டு விண்ணப்பத்தை ஒப்பிடும்போது, எந்த அளவுகோல், வகுப்பில் எத்தனாவது இடம், இந்த இரண்டும் தெரியாமல் எதுவும் தெரியாது.

ஆகையால் நம் சபையின் கல்வி உதவிப் படிவத்தில் சதவிகிதக் கட்டத்தை எடுத்துவிட்டு, சி.ஜி.பி.ஏ., எத்தனைக்கு எத்தனை, நிறுவனத்தின் சொந்த மாற்று சூத்திரம், வகுப்பில் இடம் என்று நான்கு கட்டம் போட வேண்டும், மார்க் லிஸ்டின் பின்பக்க நகலும் இணைக்கச் சொல்ல வேண்டும் என்று எழுத்து மூலம் கொடுத்திருக்கிறேன். செயலாளர் அடுத்த நிர்வாகக் குழுவில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். வெளியூர்க் கிளை அங்கத்தினர்களும் தங்கள் அபிப்பிராயத்தை எழுதினால் நல்லது.

பேரன் என்ன ஆனான் என்று மாமிகள் கேட்பது காதில் விழுகிறது. அடுத்த செமஸ்டரில் 'ஏ மைனஸ்', 'பி பிளஸ்', 'பி'. ஆறு பாடத்துக்கும் சேர்த்து 3.12. புரொபேஷன் முடிந்து கன்பர்ம் ஆகிவிட்டான்.