வைராக்கியத்தின் கிரேக்கப் பெயர்

ஸேலோஸ் என்ற பழைய கிரேக்கச் சொல்லுக்குத் தணியாத பக்தி, வைராக்கியம் என்றும் பொருள் உண்டு. பொறாமை என்றும் பொருள் உண்டு. நல்ல குணத்தின் பெயர் நாளடைவில் கெட்டுவிட்டது என்று இதை விளக்கத் தோன்றும். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆதியிலிருந்தே அது உள்ளத்தின் வேகத்துக்குப் பெயர். எதை நாடுகிறது என்பதைப் பொறுத்தே அது புகழோ பழியோ பெறுகிறது. மிகப் பழைய கவிஞரான ஹீசியடிடமே இதைக் காணலாம். தேவர்களின் பிறப்பைப் பாடும் நூலில், ஸேலோஸ் வெற்றித் தெய்வமான நைக்கியின் உடன்பிறப்பு, தேவர்களின் அரசனான ஜீயஸை விட்டு நீங்காதவன். அவருடைய மற்றொரு நூலிலோ, இரும்பு யுகத்து மனிதரைத் தொடரும் வெறுக்கத்தக்க துணை.

கிறிஸ்தவத் திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்துக்கு வருவோம். நான் மிகவும் விரும்பும் சான்று இது. கையில் பைபிள் வைத்திருப்பவர்கள் 12ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் பாருங்கள். மேலான வரங்களை நாடச் சொல்கிறார். 13ஆம் அதிகாரத்தின் 4ஆம் வசனத்தில், அன்பிடம் பொறாமை இல்லை என்கிறார். தமிழில் வேறு வேறு சொற்கள். கிரேக்கத்தில் ஈரிடத்திலும் ஸேலோஸோடு சேர்ந்த ஒரே வினை. சில வரிகளுக்குள் அதையே ஏவுகிறார், அதையே விலக்குகிறார். கவனக்குறைவு என்று இதைத் தள்ள முடியாது. பிலிப்பியருக்கு எழுதும்போது, தம் பழைய வைராக்கியத்துக்கு அடையாளமாக, திருச்சபையைத் துன்புறுத்தியதைத்தான் காட்டுகிறார். அதன் கொடுமையைச் செய்து அறிந்தவர் அவர்.

அரிஸ்டாட்டில் இரண்டையும் பிரித்துவிட்டாரே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். பேச்சுக்கலை பற்றிய தம் நூலில், பிறரிடம் உள்ள நன்மையைத் தானும் அடைய முயல்வது ஸேலோஸ், அது அவருக்கு இருக்கக்கூடாது என்று வேகுவது ஃப்தோனோஸ் என்று வரையறுத்தார். அழகான பாகுபாடு. ஆனால் அது சிந்தனையாளர் வகுத்த வரம்பு. மக்கள் வழக்கு அதற்குள் அடங்கவில்லை என்பதற்குப் பவுலே சாட்சி. அப்படியானால் இந்த வேகமே வேண்டாமா? கி.பி. 66இல் ரோமுக்கு எதிராக மூண்ட யூதக் கிளர்ச்சியில் இப்பெயரையே சூடிய செலோத்தியரையும், 70இல் எருசலேம் அழிந்ததையும் நினைத்தால் அப்படித்தான் தோன்றும். பவுல் அந்த முடிவுக்குப் போகவில்லை. நல்ல காரியத்தில் எப்போதும் வைராக்கியம் கொள்வது நல்லது என்று கலாத்தியருக்கு எழுதுகிறார். வெதுவெதுப்பாக இருந்த லவோதிக்கேயா சபைக்கும், பைபிளின் வெளிப்படுத்தின விசேஷம் சொல்லும் அறிவுரை வைராக்கியம் கொள் என்பதே.