முத்திரைக்காகக் காத்திருக்கும் ஊழியம்

(பங்காளர் கூடுகையில் அளித்த செய்தியின் எழுத்து வடிவம்)



 டான்சானியா தேசத்தில் ஒரு மிஷன் மருத்துவமனையில் நாங்கள் செய்துவரும் பணியைக் குறித்துப் பேசும்படி கேட்டுக்கொண்டீர்கள். அறுவைச் சிகிச்சைகளையும் பிரசவங்களையும் பற்றி நீங்கள் அடிக்கடி வாசித்திருப்பீர்கள். இன்று, புகைப்படங்களில் வராத ஒரு வேலையைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். அது அலுவலக வாசல்களில் காத்திருக்கும் வேலை.

நெகேமியா எருசலேமுக்குப் புறப்படுமுன் ராஜாவிடம் கேட்டது என்ன? தேசாதிபதிகளுக்கும், வனத்துக் காவலனாகிய ஆசாபுக்கும் கடிதங்கள் (நெகேமியா 2-ம் அதிகாரம்). அலங்கம் கட்டப் போனவருக்கே அனுமதிக் கடிதம் தேவைப்பட்டது. மருத்துவமனையில் உழைப்பவர்களுக்குத் தேவைப்படாதா?

அந்நியர் அங்கே வேலை செய்யத் தொழில் இலாகாவின் அனுமதி வேண்டும். தங்குவதற்குக் குடியேற்ற இலாகாவின் அனுமதி வேண்டும். இரண்டும் வேறு வேறு. மருத்துவர்கள் தாங்கனிக்கா மருத்துவக் கவுன்சிலிலும், செவிலியர் தங்களுக்குரிய கவுன்சிலிலும் பதிவு செய்ய வேண்டும். அனுமதிகள் குறிப்பிட்ட காலத்துக்கே செல்லும். முடியுமுன் புதுப்பிக்க வேண்டும். இதில் தமிழருக்கென்றே ஒரு கஷ்டம் உண்டு. நம் பட்டச் சான்றிதழில் பெயருக்கு முன் ஒரே ஒரு இனிஷியல் இருக்கும். பாஸ்போர்ட்டிலோ தகப்பனார் பெயர் முழுவதும் நிற்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க உறுதிமொழிப் பத்திரம், அதன்மேல் ஒரு முத்திரை!

அந்த ஜனங்களின் நல்ல வழக்கங்களை இந்த வரிசைகளில்தான் கற்றோம். அலுவலரிடம் எடுத்தவுடன் காகிதத்தை நீட்டக்கூடாது. மூத்தவரானால் "ஷிகமோ" என்று வணங்கி, சுகம் விசாரித்த பிறகே காரியம் பேச வேண்டும். நேரமும் வேறு. சுவாகிலியில் பகல் மணியைக் காலை ஆறிலிருந்து எண்ணுகிறார்கள். "நாலு மணிக்கு வாருங்கள்" என்றால் நமக்குப் பத்து மணி. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு சொன்ன மூன்றாம் மணி வேளை காலை ஒன்பது மணி என்பதை அங்குள்ள விசுவாசிகளுக்கு விளக்கவே வேண்டியதில்லை.

இந்தக் காகிதங்களுக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன. ஒருமுறை எங்கள் மருத்துவமனைக்குக் கப்பலில் ஒரு பெரிய பெட்டி வந்தது. பச்சிளங்குழந்தைகள் வார்டுக்கான பிராணவாயு இயந்திரம் அதில் இருந்தது. யாரோ அன்போடு சில மாத்திரை டப்பாக்களையும் அதிலே வைத்திருந்தார்கள். அவை பட்டியலில் இல்லை. காலாவதியாக நான்கே மாதங்கள் இருந்தன. அந்த மாத்திரைகளுக்காக முழுப் பெட்டியும் 23 நாட்கள் நின்றுபோனது. நாள்தோறும் கிடங்கு வாடகை ஏறியது. வார்டிலோ ஒரே இயந்திரத்தில் இரண்டு குழந்தைகள். மூன்றாவதாக வந்த குழந்தையை நான்கு மணி நேரப் பயணத்தில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். தாய் வழியெல்லாம் அழுதுகொண்டே போனாள். குழந்தை பிழைத்தது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பெட்டியும் வந்தது. மாத்திரைகள் மட்டும் அழிக்கப்பட்டன.

அந்த நாட்களில் ஒருவர் எங்களிடம் "சாய்" கேட்டார். சாய் என்றால் அங்கேயும் தேநீர்தான்; கைக்கூலிக்கும் அதுவே ஜாடைப் பேச்சு. நாங்கள் கொடுக்கவில்லை. ஏழை விதவையின் காணிக்கையும் சேர்ந்திருக்கிற பணத்தை எப்படி அதற்குக் கொடுப்போம்? ஆனால் அங்கே எல்லாரும் அப்படியல்ல. தம் வேலை நேரம் முடிந்த பின்பும் எங்கள் காகிதத்தைத் தாமே கையில் எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாக நடந்த ஒரு குமாஸ்தாவையும் நாங்கள் மறக்க முடியாது.

அன்பானவர்களே, உலக சுகாதார நிறுவனம் 1996-ல் மருந்து நன்கொடைக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. 2010-ல் அவற்றைத் திருத்தியது. பெறுகிறவர்களுக்குத் தேவையான மருந்தையே அனுப்ப வேண்டும். போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மீதமிருக்க வேண்டும். நோயாளிகள் திருப்பிக் கொடுத்தவையும் இலவச மாதிரிகளும் கூடாது. ஆகவே உங்களை வேண்டிக்கொள்கிறோம்: கேட்காமல் எதையும் அனுப்பாதிருங்கள். பெட்டி புறப்படுமுன் பட்டியல் எங்கள் கையில் வரட்டும். மருந்துக்கென்று கொடுக்க ஏவப்பட்டால் பணமாகவே கொடுங்கள், அங்கேயே வாங்கிக்கொள்வோம்.

கணக்கில் "பயணம், பதிவுக் கட்டணம்" என்ற வரியைக் காணும்போது, அது வீண் செலவோ என்று எண்ணவேண்டாம். அந்த முத்திரை விழுந்தால்தான் அறுவை அறையில் விளக்கு எரியும், ஒரு தாய் தன் குழந்தையோடு வீடு திரும்புவாள்.

புதுப்பிக்க வேண்டிய அனுமதிகளுக்காகவும், அலுவலர்களின் கண்களில் எங்களுக்குத் தயவு கிடைக்கவும், காத்திருக்கும்போது நாங்கள் எரிச்சலடையாமல் சாட்சியாய் நிற்கவும் ஜெபியுங்கள்.