கீரை சாப்பிடலைன்னு எங்க அம்மாக்களைத் திட்டாதீங்க

பழவேற்காடு மகளிர் கூட்டத்தில் நம் தகவல் தொழில்நுட்ப அணித் தோழர் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிங்க, வீட்ல உள்ளவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.



நான் மேடைப் பேச்சாளர் இல்லை. எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் முடிச்சுட்டு கட்சி பக்கத்துக்குப் போஸ்டர் டிசைன் பண்றவன். இன்னைக்கு மைக் பிடிச்சதுக்குக் காரணம் எங்க அம்மாவோட ஒரு ரிப்போர்ட். ஹீமோகுளோபின் 8.4. கர்ப்பமா இல்லாத பெண்ணுக்கு 12 இருக்கணும். "கீரை சாப்பிடறதில்லையா, உடம்பைப் பாத்துக்க மாட்டீங்களா"ன்னு அங்க ஒரு அதட்டல். தப்பு செஞ்ச பிள்ளை மாதிரி அம்மா தலையைக் குனிஞ்சு நின்னாங்க. தினமும் மீன் சாப்பிடுற வீடு எங்களுது.

தேசிய குடும்ப நல ஆய்வு, 2019-21. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல! இத்தனை பேரும் கீரை சாப்பிடாம விட்டதாலயா?

2022-ல் டெல்லி ஐஐடி ஆய்வாளர்கள் பங்கெடுத்த ஒரு ஆய்வு 'நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி' இதழ்ல வந்துச்சு. காத்துல பிஎம் 2.5 என்ற நுண்தூசி ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினா, பெண்களோட ரத்தசோகை விகிதம் சராசரியா 7.23 சதவீதம் ஏறுது. நாடு தன்னோட காற்றுத்தர இலக்கை எட்டினா 53 சதவீதம் 39.5-க்கு இறங்கும்னும் கணக்குப் போட்டிருக்காங்க.

தூசிக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? தலைமுடியோட தடிமன்ல முப்பதுல ஒரு பங்குகூட வராத தூசி அது. நுரையீரலுக்குள்ள ஆழமாப் போய் உடம்புல அழற்சியைக் கிளப்புது. உடனே கல்லீரல் 'ஹெப்சிடின்' என்ற ஹார்மோனைக் கூட்டிவிடுது. அது குடல்ல இரும்புச்சத்து ஏறுற கதவைச் சாத்திடும். சாப்பிட்ட மீனும் கீரையும் வயித்துக்குள்ள போகுது, அதோட இரும்பு ரத்தத்துல சரியா சேர மாட்டேங்குது.

புகை மட்டும்தான் காரணம்னு நான் சொல்லல. மாதவிடாய், அடுத்தடுத்த பிரசவம், குடல் புழு, கடைசியா மிஞ்சினதைச் சாப்பிடுற நம்ம வீட்டுப் பழக்கம், எல்லாமே இருக்கு. ஆனா மத்ததுக்கெல்லாம் அறிவுரை சொல்றவங்க, புகையைப் பத்தி மட்டும் வாயைத் திறக்கிறதில்லை.

நமக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர்ல வடசென்னை அனல்மின் நிலையம். பக்கத்துல வல்லூர், 1500 மெகாவாட். தென்காத்து அடிச்சா அந்தப் புகை எந்தப் பக்கம் வரும்னு மீனவர் வீட்டுப் பெண்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டாம். அதே ஆய்வுல, மண் தூசியைவிட சல்பேட்டும் கரிப்புகையும்தான் ரத்தசோகையோட அதிகம் ஒட்டி நிக்குதுன்னு வந்திருக்கு. நிலக்கரியில இருக்குற கந்தகம்தான் புகையா வெளியேறி சல்பேட்டா மாறுது. அந்தக் கந்தகப் புகைக்கு 2015 டிசம்பர்ல வரம்பு வச்சாங்க, 2017-க்குள்ள சரி பண்ணணும்னாங்க. கெடு தள்ளித் தள்ளிப் போச்சு. 2025 ஜூலையில நாட்டுல பெரும்பாலான ஆலைகளுக்கு அந்த வரம்புல விலக்கே கொடுத்துட்டாங்க.

நம்ம அடுப்படியும் இருக்கு. சிலிண்டர் தீர்ந்தா வேலிகாத்தான் விறகுதானே? அதுலயும் இதே நுண்தூசி, கூடவே கார்பன் மோனாக்சைடு. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஹீமோகுளோபினைப் பிடிச்சுக்கும் அது. ஏற்கனவே எட்டுல நிக்கிற பெண்ணுக்கு, இருக்குற எட்டும் முழுசா வேலை செய்யாது. காலையில ஏரியில இடுப்பளவு தண்ணியில நின்னு கையால இறால் தடவிப் பிடிச்சுட்டு வந்து, அந்த அடுப்பு முன்னாடி உக்கார்றாங்க. மூச்சு வாங்குதுன்னு சொன்னா "வயசாச்சு"ங்குறோம். முப்பத்தஞ்சு வயசுக்கு!

அதனால அரசைக் கேக்குறோம். அனல்மின் நிலையங்கள்ல ஒவ்வொரு யூனிட்லயும் கந்தகம் நீக்குற கருவி ஓடுதா இல்லையான்னு தமிழ்ல பட்டியல் போடுங்க. காத்துல எவ்வளவு நுண்தூசின்னு காட்டுற பலகை பழவேற்காட்டுல வைங்க. குப்பத்துக்குக் குப்பம் வந்து பெண்களுக்கு ரத்தம் பாருங்க, ரெண்டு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

அதுவரைக்கும் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திடாதீங்க. கர்ப்பிணிகளுக்கு 180 நாள், பிரசவத்துக்கு அப்புறம் இன்னொரு 180 நாள், அரசே இலவசமா தருது. டீயோட மட்டும் போடாதீங்க, சத்து ஏறாது.

மேடைக்கு இடப்பக்கம் ஒரு மேசை போட்டிருக்கோம். கடைசியா எடுத்த ரத்த ரிப்போர்ட் இருந்தா பேர் வேண்டாம், வயசும் ஊரும் ஹீமோகுளோபின் அளவும் மட்டும் எழுதிக் கொடுங்க. முதல் சீட்டுல எங்க அம்மாவோட 8.4-ஐ நான் எழுதிப் போட்டுட்டுத்தான் மேடை ஏறினேன்.