ஜீப்பும் டீசல் எஞ்சினும்



மலைத் தோட்டங்களிலும், ஆற்றோரக் கிராமங்களிலும், சந்தை கூடும் சிற்றூர்களிலும் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய ஜீப் வண்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பின்புறம் சுமை ஏற்றுவதற்குத் திறந்த பெட்டி. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் அமைப்பு. சேற்றுக்கும் மணலுக்கும் அஞ்சாத உடல். அவற்றின் பானெட்டைத் தூக்கிப் பார்த்தால், பல வண்டிகளில் அவை பிறந்தபொழுது இருந்த எஞ்சின் இராது. பெட்ரோல் எஞ்சின் விடைபெற்று, அதன் இடத்தில் ஒரு டீசல் எஞ்சின் குடியேறியிருக்கும். இந்த மாற்றம் ஏன் நிகழ்ந்தது, அதைச் செம்மையாகச் செய்ய வேண்டுவன யாவை, இன்றும் அது செய்யத்தக்கதா என்னும் மூன்று கேள்விகளைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

ஜீப், போரில் பிறந்த வண்டி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்காக வில்லிஸ் நிறுவனம் 1941 முதல் அதைப் பெருந்தொகையாகச் செய்தது. போர் முடிந்தபின் அது உழவனுக்கும் பொறியாளனுக்கும் உற்ற துணையாயிற்று. நம் நாட்டில் மஹிந்திரா நிறுவனத்தார் 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பின் உறுப்புக்களைத் தருவித்துப் பம்பாயில் பூட்டத் தொடங்கினர். நாளடைவில் அவ்வண்டி முழுவதுமே இங்கு உருவாயிற்று. 1953-இல் அமெரிக்காவில் வெளிவந்த சி.ஜே. 3-பி என்னும் உயர்ந்த பானெட் கொண்ட வகை, பிறந்த நாட்டில் 1968-இல் நின்றுவிட்டது. ஆனால் இந்தியாவில் அதன் வழிவந்த வண்டிகள் பல்லாண்டுகள் தொடர்ந்து வெளிவந்தன. அதன் எஞ்சின் நான்கு சிலிண்டர்களும் 2.2 லிட்டர் கொள்ளளவும் உடைய பெட்ரோல் எஞ்சின். உறுதியானதுதான், ஆனால் பசி மிகுந்தது.

அந்தப் பசியை நாடு உணர்ந்த ஆண்டு 1973. அவ்வாண்டின் இறுதியில் எண்ணெய் வள நாடுகள் விலையை உயர்த்தின. பீப்பாய் ஒன்றுக்குச் சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய், 1974-இன் தொடக்கத்தில் 11 டாலரைத் தாண்டிற்று. நம் நாட்டில் டீசல் விலையை அரசாங்கம் பெட்ரோலைவிடத் தாழ்வாகவே வைத்திருந்தது. லாரியும் பம்ப்செட்டும் டிராக்டரும் அதை நம்பியிருந்தன அல்லவா? ஆகவே, பெட்ரோல் ஜீப் வைத்திருந்தவர்கள் டீசலின் பக்கம் திரும்பியதில் வியப்பில்லை.

விலை ஒரு காரணம். எஞ்சினின் இயல்பு மற்றொரு காரணம். பெட்ரோல் எஞ்சினில், காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை மின்பொறியால் எரிகிறது. கலவையைத் தம் அளவில் ஏழில் ஒரு பங்காகவே அக்காலத்து எஞ்சின்கள் நெருக்கின. அதற்குமேல் நெருக்கினால் அது கட்டுக்கடங்காமல் வெடித்து, எஞ்சின் தட்டத் தொடங்கும். டீசல் எஞ்சினோ வெறும் காற்றை மட்டும் இருபதில் ஒரு பங்காக நெருக்குகிறது. சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அதன் அடிப்பகுதி சுடுவதை நீங்கள் தொட்டறிந்திருப்பீர்கள். அதே சூடு பன்மடங்காகி, சிலிண்டருக்குள் 500 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுகிறது. அந்தக் கனற்காற்றில் டீசலைத் தூவினால் பொறியின்றியே பற்றிக்கொள்கிறது. நெருக்கம் மிகுந்தால் வெப்பத்தில் உழைப்பாக மாறும் பங்கும் மிகும். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இயக்கிக் காட்டிய எஞ்சின், எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை உழைப்பாக்கிற்று. அந்நாளைய நீராவி எஞ்சின்களுக்குப் பத்தில் ஒரு பங்கே கைகூடிற்று.

ஆனால் டீசல் செய்த எஞ்சின் சுமார் 3 மீட்டர் உயரம் உள்ளது! அதை வண்டிக்குள் அடக்கும் வழியைத் திறந்தது, ராபர்ட் பாஷ் 1927-இல் தொழிற்சாலையில் செய்து வெளியிடத் தொடங்கிய ஊசிப் பம்ப்பு. துளியளவு எண்ணெயை உரிய கணத்தில் பேரழுத்தத்தோடு தூவும் நுட்பக் கருவி அது. பெங்களூரில் 1951-இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் இத்தகைய பம்ப்புகளை இங்கேயே செய்ய முற்பட்டது. சென்னையில் சிம்ப்சன் நிறுவனத்தார் பெர்க்கின்ஸ் என்னும் ஆங்கிலேய வகை டீசல் எஞ்சின்களை 1950-களில் செய்யலாயினர். பெட்ரோல் லாரிகளைக் கழற்றி டீசல் எஞ்சின் பூட்டும் வேலையை நம் மெக்கானிக்குகள் ஜீப்புக்கு முன்பே லாரியில் பழகிக்கொண்டனர்.

ஜீப் செய்தவர்களும் வாளா இருக்கவில்லை. 1970-களில், இன்டர்நேஷனல் பி-275 டிராக்டரின் எஞ்சினை ஒட்டிய 2,350 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சினை ஜீப்பில் பூட்டி விற்றனர். 1979-இல் பிரான்சு நாட்டுப் பூஜோ நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்து, எக்ஸ்.டி.பி. 4.90 என்னும் எஞ்சினைக் கொணர்ந்தனர். அதன் பெயரே அதன் இலக்கணம்: 4 சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம். பிஸ்டன் செல்லும் தொலைவு 83 மில்லிமீட்டர் என்று சொல்லிவிட்டால், அதன் கொள்ளளவு 2,112 கன சென்டிமீட்டர் என்பதை நீங்களே வீட்டில் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இனி, எஞ்சினை மாற்றுவது எப்படி என்பதற்கு வருகிறேன். பட்டு நெசவுக்குப் பேர்போன காஞ்சிபுரம் எங்கள் ஊர். அங்கே ஒரு புடவையின் உடல் ஒரு நிறமாகவும் முந்தானை வேறொரு நிறமாகவும் அமைய வேண்டுமானால், நெசவாளர் பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புது நிறத்துப் பாவின் ஓர் இழையைக் கோத்து இணைக்கிறார். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்றும் தப்பலாகாது. இதற்குப் பிட்னி என்று பெயர். உடலும் அழகுதான், முந்தானையும் அழகுதான். ஆயினும் புடவையின் ஆயுள் அந்தக் குறுகிய இணைப்பில் இருக்கிறது. எஞ்சின் மாற்றமும் அத்தகையதே. நல்ல வண்டியும் நல்ல எஞ்சினும் கிடைத்தால் மட்டும் போதாது. இரண்டும் எங்கெங்கே கைகோக்கின்றனவோ, அங்கெல்லாம் இழை தப்பாமல் இணைக்க வேண்டும்.

முதல் இணைப்பு, எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே உள்ளது. இரண்டின் போல்ட்டுத் துளைகளும் ஒத்துவாரா. ஆகவே தடித்த உருக்குத் தகடு ஒன்றை லேத்தில் கடைந்து இடையே பொருத்துவார்கள். எஞ்சினின் கிராங்க் ஷாப்டும் கியர் பெட்டியின் தண்டும் ஒரே நேர்கோட்டில் சுழல வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு பிசகினாலும் பேரிங்கு தேயும், கிளட்ச்சு அதிரும், தண்டின் பற்கள் நாளடைவில் உதிரும். கண்ணளவில் பார்த்துப் பூட்டும் பட்டறைக்கும், டயல் கேஜ் வைத்து அளந்து பூட்டும் பட்டறைக்கும் உள்ள வேற்றுமை ஓராயிரம் மைல் ஓடியபின் தெரிந்துவிடும்.

இரண்டாவது இணைப்பு கண்ணுக்குத் தெரியாதது. அது கணக்கில் இருக்கிறது. பழைய ஜீப்பின் ஆக்ஸில் விகிதம் 5.38. அதாவது, டாப் கியரில் எஞ்சின் 5.38 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர். பெட்ரோல் எஞ்சின் நிமிடத்திற்கு 4,000 சுற்றுச் சுற்றினால் வண்டி மணிக்குச் சுமார் 98 கிலோமீட்டர் செல்லும். டிராக்டர் எஞ்சினோ ஏறக்குறைய 2,000 சுற்றுகளில் உழைப்பதற்கென அமைந்தது. அதை அப்படியே பூட்டினால் வேகம் 49 கிலோமீட்டரோடு நின்றுவிடும். காஞ்சியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் லாரிகளெல்லாம் அவ்வண்டியை முந்திச் செல்லும்.

இதற்குப் பரிகாரம், ஆக்ஸில் விகிதத்தை மாற்றுவது. 4.27 விகிதமுள்ள கிரௌன்-பினியன் போட்டால் அதே 2,000 சுற்றில் வேகம் 62 கிலோமீட்டராகும். இங்கேதான் நான்கு சக்கர விசையின் பொறி ஒன்று ஒளிந்திருக்கிறது. பின் ஆக்ஸிலை மட்டும் மாற்றி முன் ஆக்ஸிலை விட்டுவிட்டால், நான்கு சக்கர விசையைப் பூட்டிய கணத்தில் முன்சக்கரங்கள் ஒரு வேகத்திலும் பின்சக்கரங்கள் வேறொரு வேகத்திலும் சுழல முயன்று, தமக்குள்ளேயே மல்லுக்கு நிற்கும், பற்கள் முறியும். இரண்டையும் ஒருசேர மாற்ற வேண்டும். மாற்றியபின் வேகமானியும் பொய் சொல்லும்: முள் 40 காட்டும்பொழுது வண்டி உண்மையில் 50-இல் ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்றாவதாக, பழைய எஞ்சின் சத்தமின்றிச் செய்துவந்த சிறு பணிகள். பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயில் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. பழைய ஜீப்புகளில் மழைநீர் துடைக்கும் வைப்பரை இயக்கியது அந்த வெற்றிடமே. பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் அது இல்லை. ஆகவே எஞ்சின் மாற்றி, ஐப்பசி மழையில் முதன்முறை வெளியே புறப்பட்டவனுக்கு வைப்பர் அசையாது! அதற்கு மின்சார வைப்பரோ வெற்றிடப் பம்ப்போ வேண்டும். டீசல் எஞ்சினைத் தொடக்கப் பெரிய பேட்டரி வேண்டும். சாவியைத் திருப்பினாலும் பழைய வகை டீசல் நிற்காது. எண்ணெயைத் தடுக்கும் தனிக் கம்பி வேண்டும். டீசலிலிருந்து நீரைப் பிரிக்க நல்ல பில்டர் வேண்டும். குழாயில் காற்றுப் புகுந்துவிட்டால் அதை வெளியேற்றத் தெரிந்திருக்க வேண்டும். கனத்த எஞ்சினைத் தாங்க முன் ஸ்பிரிங்குப் பட்டைகளையும், அதிர்ச்சியை அடக்க அடி ரப்பர்களையும் திருத்த வேண்டும்.

எல்லாவற்றிலும் தலையாயது பிரேக். வைகாசி உற்சவத்தில் வரதராஜப் பெருமாள் தேர் காஞ்சியின் வீதிகளில் வரும்பொழுது, வடம் பிடிப்போர் பலர். முட்டுக்கட்டை போடுவோர் சிலரே. ஆனால் அந்தச் சிலரின் கைத்திறமையிலன்றோ அத்தனை பேரின் உயிரும் இருக்கிறது! ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளர்கிறது என்று பௌதிகத்தில் படித்திருப்பீர்கள். 49 கிலோமீட்டரில் ஓடிய வண்டி 62-இல் ஓடினால், பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 1.6 மடங்காகிறது. எஞ்சினுக்குப் பணம் செலவிட்டவர் பிரேக்குக்குச் செலவிடாமல் விட்டால், தேருக்கு வடத்தை நீட்டிவிட்டு முட்டுக்கட்டையை வீட்டில் மறந்தவராவார்.

இனி, மூன்றாவது கேள்வி: இன்று இதைச் செய்யலாமா?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். எஞ்சின் எண்ணும் எரிபொருள் வகையும் பதிவுச் சான்றில் எழுதப்பட்டவை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, அவ்விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் வலியுறுத்தியிருக்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலின்றி எஞ்சின் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால், இன்ஷூரன்ஸ் தொகைக்கும் இடையூறு நேரலாம். பட்டறைக்குப் போகும் முன்பே அந்த அலுவலகத்திற்குப் போவது அறிவுடைமை.

அடுத்து, புகை. டீசல் புகை மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-இல் வகைப்படுத்தியது. பழைய ஊசிப் பம்ப்பும் தேய்ந்த நாசிலும் கக்கும் கரும்புகையைச் சுவாசிப்பவர் வண்டிக்காரர் மட்டுமல்லர். அவருக்குப் பின்னால் சைக்கிளில் பள்ளிக்குச் செல்லும் நீங்களும்தான்.

கடைசியாக, விலை. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனிலும், டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரிலும் நீங்கின. இரண்டிற்கும் இருந்த பெரும் இடைவெளி சுருங்கிவிட்டது. ஒரு கணக்குக்காக, வண்டி ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடுவதாகவும், பெட்ரோலில் லிட்டருக்கு 8-ம் டீசலில் 12-ம் கொடுப்பதாகவும் கொள்வோம். முன்னதற்கு 1,500 லிட்டர், பின்னதற்கு 1,000 லிட்டர். ஆண்டெல்லாம் உழைக்கும் வண்டிக்கு இந்த மிச்சம் பெரிது. மாதத்தில் இருமுறை வெளியே எடுக்கும் வண்டிக்கோ, மாற்றத்தின் செலவு பல்லாண்டுகள் ஆனாலும் திரும்பாது. அத்தகைய வண்டிக்கு, பிறவி எஞ்சினையே நன்கு புதுப்பித்து வைத்துக்கொள்வதுதான் தக்கது என்பது என் கருத்து.

எனினும், அன்று இந்த மாற்றத்தைச் செய்தவர்களை நான் குறைத்து மதிக்கவில்லை. அவர்களில் பலர் கல்லூரி வாசலை மிதியாதவர்கள். பிழைப்புக்கு வண்டி ஓட வேண்டும், வாங்கும் எண்ணெயோ கட்டுப்படியாக வேண்டும் என்னும் நெருக்கடியில், லேத்தையும் தம் கைகளையும் நம்பி நின்றவர்கள். இன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் பெரிய கார்த் தொழிற்சாலைகள் நடக்கின்றன. நாளை உங்களில் சிலர் அங்கே பணிபுரியக்கூடும். பழைய வண்டியில் மின்சார மோட்டார் பூட்டும் வேலையும் உங்கள் கைக்கு வரக்கூடும். எஞ்சின் எதுவானாலும் இணைப்பின் இலக்கணம் மாறாது. ஸ்பானரை எடுக்கும் முன் பென்சிலை எடுங்கள். சுற்றுகள் எத்தனை, விகிதம் என்ன, எடை எவ்வளவு, நிறுத்த எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளில் சரியாக ஓடும் வண்டிதான் சாலையிலும் சரியாக ஓடும்.