நித்தியகல்யாணியும் ரத்தப் புற்றுநோயும்

செஞ்சிப் பக்கம் புறம்போக்கிலும் வீட்டு வாசலிலும் பூக்கும் நித்தியகல்யாணியில் வின்கிறிஸ்டின் என்ற மருந்து இருக்கிறது. குழந்தைகளைத் தாக்கும் தீவிர ரத்தப் புற்றுநோய்க்கு 1960களிலிருந்து தரப்படுவது இது. ஒரு கிராம் எடுக்கவே நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். செல் இரண்டாகப் பிரிவதை அது தடுக்க, புற்றணுக்கள் மடிகின்றன. கூடவே நரம்பும் அடிபடும்: விரல் நுனி மரத்துப்போகும், சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறும். மலச்சிக்கல் வரும், முடியும் கொட்டும். பெரும்பாலும் இவை சிகிச்சைக்குப் பின் மெல்லச் சரியாகும். உடன் தரும் மற்ற மருந்துகளால் நோய் எதிர்ப்பு சக்தி குறைவதுதான் பெரிய கவலை. அந்த நாட்களில் காய்ச்சல் கண்டால் தாமதிக்கக் கூடாது. செடியைக் கஷாயம் வைத்துக் குடிப்பதோ ஆபத்து. அளவு தெரியாத நஞ்சு அது. முறையான சிகிச்சை புதுச்சேரி ஜிப்மரிலும், 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் கிடைக்கிறது.