நெஞ்சு வலியும் ஊர் வித்தியாசமும்

(தொழிற்சங்க வகுப்பு ஒன்றில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற மாதம் நமது சங்கத்தின் மூத்த தோழர் ஒருவரை இழந்தோம். மாலை நாலு மணிக்கு நெஞ்சை அடைக்கிறது என்றார். வாயுப் பிடிப்பு என்று நினைத்துப் பூண்டும் சோடாவும் கொடுத்தோம். இரவு பத்து மணிக்குத்தான் வண்டி தேடினோம். பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் பிரிந்துவிட்டது. "அவர் விதி அவ்வளவுதான்" என்று துக்க வீட்டில் பலர் சொன்னார்கள்.

நான் வைத்தியன் அல்ல. பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ஆனாலும் அந்த வார்த்தையை ஏற்க மனம் ஒப்பவில்லை. விஞ்ஞானிகள் இது பற்றிக் கண்டறிந்ததைத் தேடிப் படித்தேன். அதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

மாரடைப்பு யாருக்கு வருகிறது? 52 நாடுகளில் நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2004-ல் வெளிவந்தது. புகையிலை, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி, ரத்தத்தில் சேரும் கொழுப்பு, வயிற்றுப் பருமன், மன உளைச்சல் முதலான ஒன்பது காரணங்களே பத்தில் ஒன்பது மாரடைப்புகளுக்குப் பொறுப்பு என்று அது காட்டியது. எல்லா நாட்டு மக்களுக்கும் இவை பொது. விதிக்கு இதில் இடமில்லை.

காரணங்கள் பொதுவே தவிர, அளவு ஊருக்கு ஊர் வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, 2008 முதல் 2020 வரை 1,13,043 பேரைப் பரிசோதித்தன. முடிவு 2023-ல் வெளியாயிற்று. கோவாவில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 26 பேருக்குச் சர்க்கரை வியாதி. உத்தரப் பிரதேசத்தில் 5 பேருக்குக்கூட இல்லை. கேரளத்தில் நூற்றுக்கு 50 பேருக்கு ரத்தத்தில் கொழுப்பு அதிகம். ஜார்க்கண்டில் 5 பேருக்கும் குறைவு. பஞ்சாபில் பாதிப் பேருக்கு மேல் ரத்தக் கொதிப்பு. மேகாலயாவில் நாலில் ஒருவருக்கு.

இனி புகையிலையைப் பாருங்கள். 2016-17-ல் சர்க்கார் எடுத்த கணக்குப்படி திரிபுராவில் நூற்றுக்கு 64 பேர் புகையிலை உபயோகித்தார்கள். கோவாவில் 10 பேருக்கும் குறைவு. சர்க்கரையில் முதலிடத்தில் நிற்கும் அதே கோவா, புகையிலையில் கடைசியில் நிற்கிறது! ஆகவே ஒரு ராஜ்யத்துக்கு எழுதிய மருந்துச் சீட்டு இன்னொரு ராஜ்யத்துக்குப் பொருந்தாது.

"அப்படியானால் இது பணக்கார ராஜ்யங்களின் வியாதி, பணக்காரன் வியாதி" என்று யாராவது கேட்கலாம். ஒரு காலத்தில் அப்படி இருந்தது உண்மை. இன்றும் கிராமத்தைவிடப் பட்டணத்தில் சர்க்கரை ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் அதே ஆராய்ச்சியாளர்கள் 15 ராஜ்யங்களைப் பற்றி 2017-ல் வெளியிட்ட முடிவு நம்மை நேராகத் தொடுகிறது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம் போன்ற வசதி பெற்ற இடங்களின் பட்டணங்களில், வசதியுள்ளவரைவிட ஏழையிடமே சர்க்கரை வியாதி அதிகம். இதில் வியப்பென்ன? வயிற்றை மலிவாக நிரப்புவது தீட்டிய அரிசியும் மைதாவும்தான். காய்கறியும் பழமும் எட்டாத விலையில் இருக்கின்றன. இரவு ஷிப்டும் கடனும் தூக்கத்தைத் தின்கின்றன.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. 17 நாடுகளில் ஒன்றரை லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி ஒன்று 2014-ல் வெளிவந்தது. இருதய வியாதிக்கான காரணங்கள் பணக்கார நாடுகளில் மிக அதிகம். ஏழை நாடுகளில் மிகக் குறைவு. சாவோ நேர்மாறு! ஏழை நாடுகளில்தான் அதிகம் பேர் சாகிறார்கள்.

நம் நாட்டுக்குள்ளும் இதே கதைதான். 89 ஆஸ்பத்திரிகளில் 20,000-க்கு மேற்பட்ட நோயாளிகளைப் பற்றிய கணக்கு 2008-ல் வந்தது. முப்பது நாளுக்குள் இறந்தவர்கள், பணக்காரரில் நூற்றுக்கு 5.5, ஏழைகளில் 8.2. சிகிச்சையில் இருந்த வேற்றுமையைக் கழித்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. அதாவது, ஏழையின் இருதயம் பலவீனமானதல்ல. அவனுக்குக் கிடைத்த வைத்தியம்தான் குறைவு. கடுமையான மாரடைப்பு கண்டவர்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரி சேர ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ ஆயிற்று என்றும் அந்தக் கணக்கு சொல்கிறது. நமது தோழர் விஷயத்தில் நாம் போக்கடித்ததும் அதே ஆறு மணி நேரம்தான்.

இதை மாற்ற முடியுமா? முடியும். நமது தமிழ்நாட்டிலேயே சிறிய ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்ஸ்களையும் பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்துப் பார்த்தார்கள். ஓராண்டுக்குள் இறப்போர் நூற்றுக்கு 17.6-லிருந்து 14.2 ஆகக் குறைந்ததாக 2017-ல் வெளிவந்தது.

ஆகவே, தோழர்களே, செய்ய வேண்டியது என்ன? முதலாவது, முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் வேலை செய்யும் இடத்திலேயே ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கச் சங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும். இரண்டாவது, மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடையின்றிக் கிடைக்கிறதா என்று மாதந்தோறும் போய்ப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் கேட்க வேண்டும். மூன்றாவது, நடு நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை இவற்றைக் கண்டால் பூண்டு தேடாதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள்.

அந்தத் தோழருக்கு வயது 51. அவருக்கு ரத்தக் கொதிப்பு இருந்ததா என்று இறந்த பிறகு அவர் மனைவியைக் கேட்டேன். "ஒரு நாளும் பார்த்ததில்லை, தம்பி" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டிடத்தில் பரிசோதனை நடக்கிறது. குடும்பத்தோடு வாருங்கள்.