கவிழும் வாகனமும் காக்கும் சட்டகமும்



போருக்கென ஆக்கப்பட்ட வாகனம் போர் முடிந்தபின் கமத்துக்கு வருவது புதிய செய்தியன்று. 1945 இல் இரண்டாம் உலகப் போர் முடிவெய்தியபொழுது மிகுதியாகிய ஜீப்புகளும் லொறிகளும் பல நாடுகளிற் பொதுமக்கள் கைக்கு வந்தன. பிரித்தானியாவின் றோவர் நிறுவனத்துப் பொறியியலாளராகிய மொறிஸ் வில்க்ஸ் என்பவர், வேல்சைச் சேர்ந்த அங்கிள்சித் தீவிலிருந்த தமது நிலத்தில் அத்தகைய ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அந்த அனுபவத்தின் பயனாகவே 1948 இல் லான்ட் றோவர் வெளிவந்தது.

அமெரிக்கப் படையினர் 1950 முதற் கையாண்ட எம் 35 என்னும் லொறியின் கதையும் அத்தகையதே. மூன்று அச்சுகளும் இழுக்கும் இவ்வாகனத்தை இரண்டரைத் தொன் லொறி என்பர். தெருவில்லா நிலத்தில் அது ஏற்றத்தக்க சுமையையே அப்பெயர் குறிக்கின்றது. படைச் சேவையிலிருந்து நீக்கப்பட்டபின் இவை ஏலத்தில் விற்கப்பட்டன. வாங்கியோருட் பலர் அவற்றைத் திருத்திப் பண்ணைகளில் நீரும் தீனியும் விறகும் ஏற்றுதற்குப் பயன்படுத்தினர்.

ஆனால் இந்த லொறியின் சாரதிக் கூண்டுக்கு இரும்புக் கூரை இல்லை. மேலே இருப்பது கித்தான் துணி. முன்னே இருப்பது மடித்துச் சாய்க்கக்கூடிய கண்ணாடிச் சட்டம். வெயிலையும் மழையையும் தடுத்தலே அவற்றின் வேலை. லொறியின் வெற்று எடையோ ஏறக்குறைய 6 தொன். அது தலைகீழாகப் புரளுமாயின் கித்தானும் கண்ணாடிச் சட்டமும் கணத்தில் மடங்கிவிடும். அதன்பின் அவ்வெடையைத் தாங்க எஞ்சுவது சாரதியின் உடலேயாம். மெல்லிய தகரக் கூரையை மேலே பூட்டினாலும் நிலைமை பெரிதும் மாறாது.

ஆதலின் இவ்வகை லொறிகளைப் புதுப்பிப்போருள் விபரம் அறிந்தோர், பட்டறைக்காரர் 'ரோல் பார்' என்று கூறும் காப்புச் சட்டகத்தைக் கூண்டினுள் அமைத்துக்கொள்கின்றனர். அவ்வேலையிற் கைக்கொள்ளவேண்டிய விதிகள், பழைய ஜீப், லொறி, கூரையற்ற உழவு இயந்திரம் ஆகியவற்றை வைத்திருக்கும் நமக்கும் பொருந்துவன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கூறுவேன்.

வாகனம் கவிழ்வது ஏன்?

சில்லுகளுக்கிடையேயுள்ள அகலமும், எடை குவியும் புள்ளியின் உயரமும் வாகனத்தின் நிலைப்பைத் தீர்மானிக்கின்றன. சில்லுகளுக்கிடையே 6 அடி அகலமும், எடைப்புள்ளி நிலத்திலிருந்து 4 அடி உயரத்திலும் உள்ள லொறி ஒன்றைக் கருதுவோம். அது ஏறக்குறைய 37 பாகை சாயும்வரை கவிழாது. அதே லொறியில் நெல் மூடைகளை உயர அடுக்கி எடைப்புள்ளியை 5 அடிக்கு ஏற்றினால், 31 பாகையிலேயே கவிழ்ந்துவிடும். வில்லுகள் ஒருபுறம் அமிழ்வதும், ரயர்கள் நசிவதும், சுமை சரிவதும் அந்த அளவை மேலும் குறைக்கும்.

வளைவில் விரைவாகத் திரும்பும்பொழுது சமதரையிலும் வாகனம் கவிழலாம். வேகத்தை இருமடங்காக்கினால், வாகனத்தை வெளிப்புறம் தள்ளும் விசை நான்கு மடங்காகின்றது. இதனை நன்கு உணர்த்திய வாகனம் அமெரிக்கப் படையின் எம் 151 என்னும் சிறு ஜீப் வண்டியாகும். விரைவாகத் திருப்பினால் அதன் பின் வெளிச்சில்லு உட்புறமாக மடியும், வண்டி புரளும். 1970 ஆம் ஆண்டளவில் அதன் பின்புறத் தாங்கல் அமைப்பைத் திருத்தினர். 1980 களின் பிற்பகுதியிற் காப்புச் சட்டகங்களையும் பூட்டினர். எனினும், சேவையிலிருந்து நீக்கிய வண்டிகளை முழுமையாகப் பொதுமக்களுக்கு விற்பதற்கு அந்நாட்டு அரசாங்கம் விரும்பவில்லை; அவற்றைத் துண்டுகளாக வெட்டியே கழித்தது. மலிவாகக் கிடைக்கும் வாகனம் எல்லாம் கமத்துக்கு ஏற்றதன்று என்பதற்கு இஃதொரு சான்று.

முதலிற் கறள், பின்பு சட்டகம்

பழைய லொறியை வாங்கியவர் முதலில் நிறப்பூச்சைப் பார்த்து மகிழ்தல் கூடாது. ஆசனத்தையும் தரைவிரிப்பையும் அகற்றிக் கூண்டின் தரையைப் பார்த்தல் வேண்டும். நீர் தேங்கும் மூலைகள், கதவின் அடிப்புறம், கூண்டு அடிச்சட்டத்தோடு பொருந்தும் இடங்கள் ஆகியனவே முதலிற் கறள் பிடிப்பன. சிறு சுத்தியலாலே தட்டிப் பார்க்க. நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். உக்கிய தகடு மந்தமாக ஒலிக்கும், சிலவிடத்துத் துளையும் விழும்.

உக்கிய பகுதியை நல்ல இரும்பு தோன்றும்வரை வெட்டி நீக்கி, அதே தடிப்புள்ள புதுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்தல் வேண்டும். கறளின் மேலே தகட்டை ஒட்டி மறைத்தல் வீண் வேலை. கூண்டைத் தாங்கும் இறப்பர் துண்டுகள் வெடித்திருப்பின் அவற்றையும் மாற்றுக. உக்கிய தரையில் எத்துணை வலிய சட்டகத்தை நாட்டினும், கவிழும்பொழுது அதன் கால்கள் தரையைத் துளைத்து இறங்கிவிடும். அதனாலேயே கறள் வேலையை முதலிற் கூறினேன்.

சட்டகம் அமைக்கும் முறை

ஆசனத்தின் பின்னால் ஒரு வளைவும், முன்கண்ணாடியை ஒட்டி ஒரு வளைவும், அவற்றை மேலே இணைக்கும் இரு நீளக் குழாய்களும், குறுக்கே சாய்ந்து தாங்கும் குழாயும் சேர்ந்ததே முழுமையான சட்டகம். பின் வளைவு மட்டும் இருந்தால் முன்புறம் அமிழ்ந்துவிடும். சாய்வுக் குழாய் இல்லாவிடின் பக்கவாட்டில் விழும்பொழுது நாற்கோணம் சரிந்து மடியும்.

நீர்க்குழாய் இதற்கு உதவாது. பொருத்தின்றி இழுத்துச் செய்யப்பட்ட உருக்குக் குழாயே வேண்டும். மோட்டார்ப் பந்தயக் கார்களின் பிரதான வளைவுக்குச் சர்வதேச விதிகள் 45 மில்லிமீற்றர் விட்டமும் 2.5 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட குழாயை ஓர் ஆகக்குறைந்த அளவாகக் கூறுகின்றன. அது காருக்குரிய அளவு. 6 தொன் லொறிக்கு அது போதுமென்று எண்ணுதல் பேராபத்து. வாகனத்தின் எடையைக் கொண்டு பொறியியலாளர் ஒருவர் கணித்த அளவையே கைக்கொள்ள வேண்டும். குழாயை வளைக்கும்பொழுது சுருக்கமோ தட்டையாதலோ ஏற்படின் அக்குழாயைத் தள்ளிவிடுக.

சட்டகத்தின் ஒவ்வொரு காலின் கீழும் தடித்த இரும்புத் தகடு வைத்து, தரையின் மறுபுறத்தும் அதேபோன்ற தகடு வைத்து, வலிய போல்ற்றுகளால் இறுக்குதல் வேண்டும். கூண்டின் தாங்கல் இடங்களுக்கு நேர்மேலே கால்கள் அமைதல் நன்று. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மேடுபள்ளத்திற் செல்லும்பொழுது லொறியின் அடிச்சட்டம் முறுகும். அந்த முறுக்கம் கூண்டைத் தாக்காதிருக்கவே இறப்பர்த் தாங்கல்கள் உள்ளன. சட்டகத்தைக் கூண்டோடும் அடிச்சட்டத்தோடும் ஒருங்கே இறுக்கமாகப் பிணைத்தால் வெல்டிங் மூட்டுகள் வெடிக்கும். இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ப வரைபடம் ஆக்குவித்தல் வேண்டும்.

சாரதியின் தலைக்கும் குழாய்க்கும் இடையே போதிய இடைவெளி இருத்தல் அவசியம். தலை படக்கூடிய இடங்களில் தடித்த மெத்துறை சுற்றுக. வெல்டிங் வேலையைத் தேர்ந்த கைகளிடமே ஒப்படைக்க. அதைத் தொடங்குமுன் பற்றரியைக் கழற்றுக. எரிபொருள் தாங்கியை அகற்றுக.

ஆசனப் பட்டி

ஆசனப் பட்டி கட்டாதவருக்குக் காப்புச் சட்டகம் பாதி உதவியையே செய்யும். வாகனம் புரளும்பொழுது அவர் ஆசனத்திலிருந்து வீசப்பட்டு, அச்சட்டகத்தின் கீழேயே அகப்படலாம். பட்டி அவரைச் சட்டகம் காக்கும் இடத்தினுள் நிறுத்துகின்றது. பட்டியின் நுனிகளை உக்கிய தரையிலோ மெல்லிய தகட்டிலோ பூட்டாது, வலிய தாங்கலிற் பூட்டுக.

இதற்கு மறுதலையான விதியையும் மறவாதீர்கள். சட்டகமில்லாத திறந்த உழவு இயந்திரத்திற் பட்டி கட்டுதல் கூடாது. அங்கே பட்டி, கவிழும் இயந்திரத்தோடு மனிதனைப் பிணைத்து வைக்கும்.

உழவு இயந்திரமும் நாமும்

மசி பேர்குசன் 35, 135 போன்ற பழைய உழவு இயந்திரங்கள் பலவற்றில் இக்காப்பு இல்லை. சுவீடனில் 1959 இல் புதிய உழவு இயந்திரங்களுக்குக் காப்புச் சட்டகம் கட்டாயமாக்கப்பட்டது. பிரித்தானியாவில் 1970 இல் அத்தகைய விதி நடைமுறைக்கு வந்தது. சுவீடனில் அதன்பின் கவிழ்வினால் நேர்ந்த மரணங்கள் மிகவும் குறைந்தன. உங்கள் இயந்திரத்தின் மாதிரிக்கெனச் செய்து சோதிக்கப்பட்ட சட்டகம் கிடைக்குமாயின் அதனையே பூட்டுக. அதிலே துளையிடுதலும் வெல்டிங் செய்தலும் கூடாது. ஒருமுறை கவிழ்ந்த இயந்திரத்தின் சட்டகத்தை நிமிர்த்தி மீண்டும் பூட்டாது, புதிதாக மாற்றுதல் வேண்டும்.

உழவு இயந்திரம் பின்புறமாகவும் கவிழும். சேற்றிற் சில்லு புதைந்து நிற்கையில் திடீரெனக் கிளச்சை விட்டால் முன்பகுதி மேலெழும். முக்காற் செக்கனுக்குள் அது தடுக்கமுடியாத நிலையை அடைந்துவிடும். மனிதன் உணர்ந்து காலை எடுப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். ஆகவே இழுக்கும் சங்கிலியை அச்சுக்கு மேலே கட்டாது, கீழேயுள்ள இழுவைச் சட்டத்திலேயே கொளுவுக. புதைந்த இயந்திரத்தைக் கூடியவரை பின்னோக்கி எடுக்க முயல்க. வாய்க்கால் எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரமாவது அதன் கரையிலிருந்து விலகிச் செல்க. மழைக்குப்பின் இன்னும் விலகுக. வயலிற் கவிழ்ந்தவருக்கு எடை மாத்திரமன்றிச் சேறும் நீரும் எமனாகும். மட்காட்டிற் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வழக்கத்தை இன்றே கைவிடுங்கள். அங்கிருப்போரை எந்தச் சட்டகமும் காவாது.

பதிவு செய்யப்பட்ட வாகனத்தின் அமைப்பை மாற்ற எண்ணுவோர், பட்டறைக்குச் செல்லுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதற்குரிய அனுமதியைக் கேட்டறிந்துகொள்ளல் வேண்டும்.

ஒரு போகம் பிழைத்தால் மறு போகத்தில் ஈடுசெய்யலாம். உடைந்த இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் தேடலாம். வீட்டின் உழைப்பாளியை இழந்த குடும்பத்துக்கு அத்தகைய ஈடு எதுவுமில்லை. அடுத்த உழவுக்கு இயந்திரத்தை ஆயத்தம் செய்யும்பொழுது, எண்ணெயையும் ரயரையும் பார்ப்பதோடு, உங்கள் தலைக்கு மேலே என்ன இருக்கின்றது என்பதையும் ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்.